திருவொற்றியூரிலிருந்து கோவளத்துக்கு: நீச்சல் தெரியாதவர்களுக்கான ஸ்நார்க்கலிங் பயிற்சி, ஒரு மதிப்புரை

கடந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நானும் என் மகளும் என் தம்பியும் வடசென்னையில் இயங்கும் ஒரு சிறிய கடற்பயிற்சிக் குழுவிடம் பணம் கட்டி, புதியவர்களுக்கான ஸ்நார்க்கலிங் பயிற்சியை முடித்தோம். முகத்தில் கண்ணாடி மாஸ்க்கும் வாயில் மூச்சுக் குழாயும் காலில் துடுப்புக் காலணியும் அணிந்து, நீர்மட்டத்தில் குப்புற மிதந்தபடி அடியில் இருப்பதைப் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குள் இறங்கும் ஸ்கூபா வேறு. ஒருவருக்கு 2,500 ரூபாய் வாங்கினார்கள். கரையில் ஒரு காலை வகுப்பு, நீச்சல் குளத்தில் ஒரு வகுப்பு, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடலில் ஒரு காலை, கருவிகள், வேன் பயணம், காலைச் சிற்றுண்டி ஆகிய அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடக்கம். குறைகளையும் எழுதப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படியொரு பயிற்சியைத் தேடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இந்தக் கட்டுரை உதவினால் போதும்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் இருக்கிறது. வாசலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் எண்ணூர் விரைவுச் சாலை, அதைக் கடந்தால் கற்குவியல், அதற்கப்பால் கடல். இவ்வளவு அருகில் வாழ்ந்தும், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் கணுக்காலுக்கு மேல் கடல்நீரில் நனைந்ததில்லை. அன்று காலை தெருவில் ஓடியவர்களுள் நானும் ஒருத்தி. என் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது, அந்த நினைவு அவளுக்கு இல்லை. பள்ளியில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிப் படித்துவிட்டு வந்து, நம் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டபோது, மீன் சந்தையில் வரிசையாகப் பரப்பியிருப்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தோம். எனவே இந்த மதிப்புரையில் நான் அச்சத்தை ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறேன். நீச்சல் தெரிந்தவர்களுக்கு இங்கே சொல்லும் சில செய்திகள் தேவைப்படாமல் போகலாம்.

முதல் வகுப்பில் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவொற்றியூர்க் கரையில், கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களுக்கு அருகே, எங்கள் எட்டுப் பேரையும் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் அலைகளை மட்டும் பார்க்கச் சொன்னார் பயிற்றுநர். அவர் காசிமேட்டில் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, பின்னர் முறையாகப் பயின்று ஸ்கூபா பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவர். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். இரண்டு இடங்களில் அலை வெண்மையாக உடைய, நடுவே ஓரிடம் மட்டும் கருமையாகவும் அமைதியாகவும் தெரிந்தது. இறங்குவதாக இருந்தால் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டபோது, எட்டுப் பேரில் ஆறு பேர் அந்த அமைதியான இடத்தைத்தான் காட்டினோம். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் இழுப்பு அந்த வழியாகத்தான் ஓடுகிறது என்றும், அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, இழுப்பு குறைந்தபின் திரும்ப வேண்டும் என்றும் அவர் விளக்கினார். தூண்டில் வளைவின் ஓரமாகவும் அதே போல நீர் கற்களை ஒட்டி வெளியே ஓடும். கற்களில் கொட்டலசும் ஆளியும் போன்ற கூர்மையான ஓடுள்ள உயிர்கள் அப்பியிருப்பதால், அலை ஒருமுறை தூக்கி உரசினாலே தோல் கிழிந்துவிடும். கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் இது தெரிய வந்தது. மெரினாவில் ஆண்டுதோறும் கல்லூரிப் பிள்ளைகள் அலையில் சிக்கி இறக்கும் செய்திகளைப் படிக்கும் நகரத்தில், இந்த முக்கால் மணி நேர வகுப்பை மட்டும் தனியாக, எல்லாப் பள்ளிகளிலும் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் காலையில்தான் எங்கள் எல்லோருடைய மனத்திலும் இருந்த கேள்வியை என் தம்பி கேட்டான். இங்கேயே கடல் இருக்கும்போது எதற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும்? பயிற்றுநர் நேரடியாகப் பதில் சொன்னார். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் கடலுக்குள் நீட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. அதனால் மெரினா அகலமாகியது, இராயபுரம் தொடங்கி வடக்கே கரை கரைந்தது. கரையைக் காக்கக் கொட்டிய கற்களும் தூண்டில் வளைவுகளும் இன்று எங்கள் பக்கத்துக் கடலோரமாக நிற்கின்றன. மணல் சரிந்து மெல்ல ஆழமாகும் இடம்தான் புதியவர்களுக்கு ஏற்றது, கல்லும் சுழலும் உள்ள இடம் ஏற்றதல்ல. காசிமேட்டுப் பக்கம் விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் ஓயாமல் போய்வரும் வழியில் தலை மட்டும் வெளியே தெரிய மிதப்பது ஆபத்து. இவற்றைச் சொல்லிவிட்டு, தண்ணீரைப் பற்றியும் அவர் மறைக்காமல் பேசினார்: 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், மழைக்குப் பின் கால்வாய்கள் கடலுக்குக் கொண்டுவருவதையும் குறிப்பிட்டார். “இதுவும் நல்ல கடல்தான் அக்கா, நாமதான் இதை இப்படி ஆக்கி வெச்சிருக்கோம். புதுசா வர்றவங்களை நான் இதுல இறக்க மாட்டேன்” என்று அவர் சொன்னபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, அவர்மீது நம்பிக்கையும் வந்தது. பணம் வாங்கிய பிறகு தன் சொந்தக் கடலைப் பற்றி இப்படிப் பேசுகிறவர் மற்றவற்றிலும் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

இரண்டாம் வகுப்பு பெரம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் நீச்சல் குளத்தில் இரண்டரை மணி நேரம் நடந்தது. இந்தப் பயிற்சியில் கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்தது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதற்கே அரை மணி நேரம் செலவிட்டார்கள். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் மெல்ல ஒற்றி, மூக்கால் ஒருமுறை காற்றை இழுத்தால், அது கை விட்டபின்னும் முகத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அது உங்கள் முகத்துக்குரிய மாஸ்க், விழுந்தால் வேறொன்றை எடுக்க வேண்டும். என் தம்பிக்கு மூன்று மாஸ்க்குகளும் விழுந்தன. காரணம் அவனுடைய அடர்ந்த மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு முடி இருந்தாலும் அந்த வழியாக நீர் புகும் என்பதால், மூக்குக்குக் கீழே விளிம்பு படியும் இடத்தில் மட்டும் மீசையை மெல்லியதாகக் கத்தரித்துவிட்டு, கொஞ்சம் வாஸ்லின் தடவச் சொன்னார்கள். எனக்கும் மகளுக்கும் நெற்றி முடியை முழுவதும் பின்னால் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. வாரை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று நாங்கள் எண்ணியதற்கு மாறாக, அதிகமாக இறுக்கினால் விளிம்பு மடங்கிக் கசிவு கூடும் என்பதையும் செய்து காட்டினார்கள்.

அடுத்தது மூச்சு. வாயால் மட்டும் மூச்சு விடுவது எளிது என்று கரையில் நின்றபோது தோன்றியது. முகம் தண்ணீருக்குள் போனவுடன் என் உடம்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. இடுப்பளவு நீரில், குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சு படபடத்து நான்கு முறை தலையைத் தூக்கிவிட்டேன். உதவிப் பயிற்றுநராக இருந்த பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இழுப்பதைப் பற்றி நினைக்காமல் வெளியே விடுவதை மட்டும் எண்ணச் சொன்னார்: நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். அச்சத்தில் நாம் மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடும்போது, குழாய்க்குள் தேங்கிய பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வந்து மூச்சுத் திணறுவது போன்ற உணர்வைத் தருகிறது. நீளமாக வெளியே விட்டால் அந்தக் காற்று வெளியேறிவிடும். இந்தக் காரணத்தை அவர் சொன்ன பிறகுதான் என் படபடப்பு அடங்கியது. “பயப்படாதீங்க” என்ற சொல்லை அந்த இரண்டரை மணி நேரத்தில் அவர்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பயம் எதனால் வருகிறது என்று காட்டினார்கள், எனக்கு அதுதான் பயன்பட்டது.

குழாய்க்குள் நீர் புகுந்தால் சங்கு ஊதுவது போல் ஒரே வீச்சில் ஊதி வெளியேற்றுவது, மாஸ்க்குக்குள் நீர் வந்தால் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து மூக்கால் ஊதுவது, துடுப்புக் காலணியோடு சைக்கிள் மிதிப்பது போல் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து காலை அசைப்பது ஆகியவற்றை ஒவ்வொருவரும் செய்து காட்டும்வரை அடுத்ததற்குப் போகவில்லை. நீரில் தூரத்திலிருந்து பேச முடியாது என்பதால் சைகைகளும் உண்டு. கையைத் தலைமேல் வைத்தால் நலம் என்று பொருள், கையை உயர்த்தி ஆட்டினால் உதவி வேண்டும் என்று பொருள். கரையில் நிற்கும் உறவினருக்கு விளையாட்டாகக் கூடக் கையை ஆட்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவைத்தார்கள். மூச்சை அடக்கி அடியில் போக விரும்புகிறவர்கள் அதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவது, நீருக்குள் எச்சரிக்கையே இல்லாமல் மயக்கத்தை உண்டாக்கும் என்பதையும், ஆகவே இந்தப் பயிற்சியில் யாரும் அடியில் முங்க அனுமதியில்லை என்பதையும் உறுதியாகச் சொன்னார்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க்கை ஒருவர் சொந்தமாக வாங்கி வந்திருந்தார். அதற்குள் விடும் மூச்சு சரியாக வெளியேறாமல் போகலாம் என்பதாலும், ஆபத்தில் சட்டென்று கழற்ற முடியாது என்பதாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

கடலில் இறங்க வேண்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இறங்கவில்லை. அதிகாலை நான்கரை மணிக்குத் தண்டையார்பேட்டையில் வேன் ஏறி ஆறரை மணிக்குக் கோவளம் போய்ச் சேர்ந்தபோது, முந்தைய இரண்டு நாள்களாக வீசிய காற்றில் நீர் கலங்கிப் பழுப்பாக இருந்தது. பயிற்றுநர் தனியாக உள்ளே போய் நீந்திப் பார்த்துவிட்டு வந்து, நீட்டிய தன் கையே தெரியவில்லை என்று சொன்னார். “இன்னிக்குக் கலங்கலா இருக்கு, இறங்க வேணாம். காசு எங்கயும் போகாது.” சிலர் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று முணுமுணுத்தார்கள். நானும் உள்ளூர அப்படித்தான் நினைத்தேன். அவர் அசையவில்லை. காணாதவரைத் தேட முடியாத நீரில் யாரையும் இறக்க முடியாது என்றார். இட்லி சாப்பிட்டுவிட்டு, கோவளத்தில் இருக்கும் தமீம் அன்சாரி தர்காவுக்கும் போய்விட்டுத் திரும்பினோம். என் அம்மா பல ஆண்டுகளுக்கு முன் நேர்த்திக்கடனுக்காக என்னை அங்கே அழைத்துப் போனது அன்று நினைவுக்கு வந்தது. மறுபயணத்துக்கு வேன் கட்டணம்கூடத் தனியாக வாங்கவில்லை. இந்தப் பயிற்சிக் குழுவை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அன்று அவர் எங்களை இறக்காததுதான். நீங்கள் எந்தக் குழுவிடம் விசாரித்தாலும், கடல் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள், பணம் என்ன ஆகும் என்பதை முதலில் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, மார்ச் நடுவில், நீர் தெளிந்திருந்தது. வடகிழக்குப் பருவமழையின் கலங்கல் அடங்கிய பிறகு, தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன் இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலம்தான் சென்னைக் கடலில் இதற்கு ஏற்றது. அதிலும் கடற்காற்று எழும் முன் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். கடற்கரையின் தூய்மைக்கும் வசதிகளுக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றைக் கோவளம் 2021-ல் பெற்றது. எனவே உடை மாற்றும் அறையும் குளிக்கும் வசதியும் அருகே இருந்தன. இறங்கும் முன் ஆளுக்கொரு வாழைப்பழம் மட்டும் தந்தார்கள். நான்கு பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் இரண்டு வழிகாட்டிகள் எங்களோடு நீரில் இருந்தார்கள், ஒரு மீனவர் ஃபைபர் படகோடு சற்றுத் தள்ளிக் காவலுக்கு நின்றார். மணலில் இறங்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொன்னார்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும், மிதித்துவிட்டால்தான் வாலின் முள்ளால் குத்தும்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதலில் பச்சை நிறம் மட்டும்தான் தெரிந்தது. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டபடி சற்று நேரம் இருந்தேன். பிறகு பச்சைக்குள்ளிருந்து மணல் வரிவரியாகத் தெரியத் தொடங்கியது. கரையோரம் அலை போடும் கோலம் அடியிலும் தொடர்ந்து போயிருந்தது. முழங்கால் உயரப் பாறை ஒன்றைச் சுற்றி, மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டைகள் கொண்ட சிறுமீன்கள் முப்பது நாற்பது இருக்கும், ஓரிடத்திலேயே நின்று அலையோடு முன்னும் பின்னும் ஆடின. பட்டைகளை எண்ணும் அளவுக்கு நெருக்கத்தில் இருந்ததால் எண்ணிப் பார்த்தேன், ஐந்து. மாஸ்க்கின் வழியாகப் பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே தொட்டுவிடலாம் போல் தோன்றியதைத் தொட முயலவில்லை. மடவைக் கூட்டம் ஒன்று வெள்ளித் தகடுகளாகத் திரும்பிப் போனது. கொழம்பில் எத்தனையோ முறை போட்ட ஓரா மீன் பாறையின் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, அது இலைதழை உண்ணும் மீன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மகள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஒரு பேத்தை மீனையும் காலியான சங்குக்குள் குடியிருந்த நண்டையும் காட்டினாள். கண்ணுக்குத் தெரிந்த தூரம் இரண்டு ஆள் நீளம்தான். பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் காண விரும்புகிறவர்கள் மன்னார் வளைகுடாப் பக்கம்தான் போக வேண்டும், சென்னையில் அவற்றை எதிர்பார்த்து வரக் கூடாது. குழுவினரும் தங்கள் விளம்பரத்தில் அப்படி எந்தப் படத்தையும் போடவில்லை.

நாற்பது நிமிடத்தில் தம்பியின் முன்கையில் ஒரு சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டது. இழுது மீன் என்று நாம் சொல்வதன் கொடுக்கிழை தொட்ட இடம் கோடாகச் சிவந்தது. அவன் மணலை எடுத்துத் தேய்க்கப் போனபோது வழிகாட்டி கையைப் பிடித்துத் தடுத்து, தேய்க்காமலும் நல்ல தண்ணீர் ஊற்றாமலும், படகில் தயாராக வைத்திருந்த வினிகரை ஊற்றி, ஒட்டியிருந்த இழைகளை இடுக்கியால் எடுத்தார். மாலைக்குள் எரிச்சல் அடங்கியது. மற்றவர்களைப் போல் அவனும் முழுக்கை நீச்சல் சட்டை அணிந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கையில்லாத பனியனோடு இறங்க அவனை அனுமதித்திருக்கக் கூடாது.

இனிக் குறைகள். பெரிய குறை, குளத்துக்கு வந்ததும் கையெழுத்து வாங்கிய உடல்நலப் படிவம் நான்கு பக்கங்களும் ஆங்கிலத்தில் இருந்தது. ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை என்று உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள் அதில் இருந்தன. எங்கள் குழுவில் இருந்த ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அதைப் படிக்க முடியாமல் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். நான் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் தமக்கு இழுப்பு நோய் உண்டு என்றும் இன்ஹேலர் வைத்திருப்பதாகவும் சொன்னார். பயிற்றுநர் அவரை மருத்துவரிடம் ஒப்புதல் வாங்கி வரச் சொல்லி அடுத்த குழுவுக்கு மாற்றினார். காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருந்து ஆள் சேர்க்கிற ஒரு குழு இந்தப் படிவத்தைத் தமிழில் வைத்திருக்காதது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்கியது. நீரில் எடுக்கும் படங்களுக்கு 600 ரூபாய் தனி என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் கரையேறிய பிறகு சொன்னார்கள். பயணம் உண்டா இல்லையா என்ற செய்தி முந்தின இரவு ஒன்பதரை மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது மிகவும் தாமதம். சிறுவர்களுக்கான மாஸ்க் இரண்டே இரண்டுதான் இருந்தது, ஒன்றில் விளிம்பு கிழிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த வாரமே அந்த நான்கு பக்கங்களையும் தமிழாக்கி, எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, பயிற்றுநருக்கு அனுப்பினேன். ஏப்ரல் முதல் வாரக் குழுவுக்கு அதைத்தான் அச்சிட்டுக் கொடுத்ததாகச் சொல்லி, நிரப்பிய ஒரு படிவத்தின் முதல் பக்கத்தைப் பெயரை மறைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார். முழுக்கைச் சட்டையையும் கட்டாயமாக்கிவிட்டார்களாம். சிறுவர் மாஸ்க்குகள் இன்னும் வரவில்லை. ஆகவே பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்கள், அவை வந்துவிட்டனவா என்று கேட்டு, பிள்ளையின் முகத்தில் ஒற்றிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.